அகழ்வுக் குறிப்பேடுகள்: அவற்றின் பயனும் பாதுகாப்பும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், போனக்காடு என்னும் சிற்றூர் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து காட்டுவழியே நடந்து ஏறுவோர் அகத்திய கூடத்தின் உச்சியை அடைகின்றனர். தமிழ் மக்கள் பொதிகை என்று போற்றும் இம்மலை கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ளது. இதன் மேற்குச் சரிவில் விழும் மழை அரபிக் கடலை நாடிச் செல்கிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகித் திருநெல்வேலிச் சீமையை வளமாக்கி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

இந்த உச்சியில் ஒரு காலத்தில் விஞ்ஞான நிலையம் ஒன்று இயங்கி வந்தது என்பதைப் பலர் அறியார். ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி 1852ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்தார். பூமியின் காந்த சக்தி உயரத்துக்கு ஏற்ப எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய விரும்பிய அவர், 1855இல் அகத்திய மலையின் மேல் ஒரு கிளை நிலையத்தை அமைத்தார். காட்டின் நடுவே, காற்றும் மழையும் ஓயாத அவ்விடத்தில் காந்த ஊசியின் விலக்கத்தைக் கண்டு குறித்து வைத்தனர். 1852 முதல் 1869 வரை திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் எடுக்கப்பட்ட விலக்கக் குறிப்புகள் 1874இல் லண்டன் நகரில் பெரிய நூலாக அச்சிடப்பட்டன. காந்த சக்தியின் மாறுதல்கள் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒரு முறை திரும்ப நிகழ்வதையும், அது சூரியனின் சுழற்சியோடு தொடர்புடையது என்பதையும் பிரௌன் எடுத்துக் காட்டினார்.

மலைமேல் இருந்த அந்தக் கட்டிடம் இன்று இல்லை. ஆனால் அங்கு எழுதப்பட்ட எண்கள் அழியவில்லை. அந்நூலை எடுத்துப் படிக்கும் எவரும் அவற்றை இன்றும் புதிய கணக்கீட்டுக்குப் பயன்படுத்தலாம். கட்டிடம் போயிற்று, ஏடு நின்றது.

அதே மலையின் கிழக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் கரையில், இதற்கு மறுதலையான ஒரு நிலையைக் காண்கிறோம். அங்கே பொருள்கள் நின்றன. அவற்றைப் பற்றிய ஏடுதான் குறைந்து போயிற்று. புதைபொருள் ஆராய்ச்சியில் குறிப்பேடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்க இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரே முறை படிக்கக் கூடிய ஏடு

இரசாயன நிபுணர் ஒரு சோதனையில் பிழை செய்தால் மறுநாள் அதைத் திரும்பச் செய்யலாம். தாவர நிபுணர் ஒரு செடியை மறந்துவிட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் காட்டுக்குச் சென்று தேடலாம். புதைபொருள் ஆராய்ச்சியாளருக்கு அந்த வசதி இல்லை. பூமியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் மண் அடுக்குகளை மேலிருந்து கீழாக அகற்றிக்கொண்டே அவர் செல்கிறார். ஓர் அடுக்கை அகற்றிய பின் அது மறுபடியும் உண்டாவதில்லை. படித்து முடித்த பக்கத்தை உடனே கிழித்தெறிய வேண்டும் என்ற நிபந்தனையோடு கையில் கொடுக்கப்பட்ட நூலைப் போன்றது அகழ்விடம். படித்ததை அப்போதைக்கப்போது வேறோர் ஏட்டில் எழுதி வைக்காவிட்டால் நூல் முழுவதும் போய்விடும்.

ஆகவே அகழ்வு முடிந்த பின் எஞ்சி நிற்பவை இரண்டு. ஒன்று, மண்ணிலிருந்து எடுத்த பொருள்கள். மற்றொன்று, அவை எங்கே, எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்பதைக் கூறும் நாட்குறிப்பு, பதிவேடு, வரைபடம், நிழற்படம் ஆகியவை. பொதுமக்கள் முதலாவதை மட்டுமே பொருட்காட்சிசாலையில் காண்கின்றனர். ஆராய்ச்சிக்கு உயிர் போன்றது இரண்டாவது. குறிப்பு இல்லாத பானை வெறும் பானை. குறிப்புள்ள பானை ஓடு ஒரு சான்று.

ஆதிச்சநல்லூரின் கதை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென் கரையில், ஆதிச்சநல்லூர் இருக்கிறது. தற்போதைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் பரம்பு என்று வழங்கும் மேட்டு நிலம் ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ளது. பண்டைக் காலத்தில் இறந்தவர்களைப் பெரிய தாழிகளில் இட்டுப் புதைத்த இடம் இது.

1876ஆம் ஆண்டில் பெர்லின் நகரைச் சேர்ந்த டாக்டர் யாகோர் இங்கு வந்து சில இடங்களைத் தோண்டினார். கிடைத்த மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும் எலும்புகளும் அவரோடு ஜெர்மனிக்குச் சென்றன. பின்னர் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தென் வட்டத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ, 1899 முதல் 1905 வரை இங்கே பெரிய அளவில் அகழ்வு நடத்தினார். இடையில் லூயி லாப்பிக் என்னும் பிரெஞ்சு அறிஞரும் வந்து சிறிதளவு தோண்டிச் சென்றார். இவ்வாறு ஒரே இடத்தின் செல்வம் சென்னைக்கும் பெர்லினுக்கும் பாரிசுக்குமாகப் பிரிந்தது.

ரீ கண்டெடுத்தவை ஆயிரக் கணக்கானவை. மெல்லிய பொன் தகட்டால் ஆகிய நெற்றிப் பட்டங்கள், விலங்குகளும் பறவைகளும் அமைந்த மூடிகளை உடைய வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், மண் கலங்கள் முதலியன அவற்றுள் அடங்கும். இவை சென்னை எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் சேர்க்கப்பட்டன. ரீ தம் கடமையைச் செய்யாதவர் அல்லர். இலாகாவின் ஆண்டறிக்கைகளில் எழுதினார். 1915இல் ஆதிச்சநல்லூர், பெரும்பேர் ஆகிய இரு இடங்களின் பொருள்களுக்கும் விரிவான பட்டியல் நூல் ஒன்று அவர் பெயரில் வெளியாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் ஆராய்ச்சியாளர் அப்பட்டியலையே துணைக்கொள்கின்றனர். எழும்பூரில் பாதுகாக்கப்பட்ட மண்டை ஓடுகளைச் சுக்கர்மன் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1930இல் சென்னைப் பொருட்காட்சிசாலையின் வெளியீடாக நூல் எழுத முடிந்ததும் பொருள்களை முறையாகச் சேர்த்து வைத்ததன் பயனே.

எனினும் அந்தப் பட்டியல் பொருளின் வடிவத்தையும் அளவையும் கூறுவதில் காட்டிய அக்கறையை, பொருள்களுக்கிடையே இருந்த உறவைக் கூறுவதில் காட்டவில்லை. இந்த வாளும் இந்தக் கலமும் ஒரே தாழியில் கிடைத்தனவா? பொன் பட்டம் அணிந்தவரோடு வேறு என்ன வைக்கப்பட்டிருந்தது? மேலே இருந்த தாழிகளுக்கும் ஆழத்தில் இருந்தவற்றுக்கும் காலத்தால் வேறுபாடு உண்டா? இத்தகைய வினாக்களுக்குப் பல பொருள்களைப் பொறுத்தவரை தெளிவான விடை கிடைப்பதில்லை. மண் அடுக்குகளைப் பிரித்துக் குறிக்கும் முறை அக்காலத்தில் இந்தியாவில் வேரூன்றவில்லை என்பதே இதற்குக் காரணம். ஆகவே இக்குறையை ஒரு தனி மனிதரின் குற்றமாகக் கொள்ளுதல் நியாயமன்று. ஆனால் இழப்பு இழப்பே.

உமியும் காலமும்

இந்த இழப்பின் அளவை ஒரு சிறிய பொருளைக் கொண்டு உணரலாம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் நெல் உமியும் சிறு தானியமும் இருந்ததை ரீ கண்டு எழுதினார். பொன்னும் வெண்கலமும் குவிந்த இடத்தில் உமிக்கு அன்று என்ன மதிப்பு இருந்திருக்க முடியும்? இறந்தவருக்கு உணவு வைத்துப் புதைத்தனர் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்க இரசாயன விஞ்ஞானி வில்லர்டு லிபி, உயிர்ப் பொருள்களில் அடங்கிய கதிரியக்கக் கரியின் அளவைக் கொண்டு அவற்றின் வயதைக் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 1960இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்முறை வந்த பின், அகழ்விடத்தில் கிடைக்கும் பொருள்களுள் கரித்துண்டும் தானியமும் எலும்பும் பொன்னைவிட மதிப்பு மிக்கவை ஆயின. பொன் தன் வயதைக் கூறாது, உமி கூறும்.

ஆதிச்சநல்லூருக்கு அருகிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் இலாகா அண்மையில் அகழ்வு நடத்தியது. அங்கு ஒரு தாழியினுள் மண்ணோடு கலந்திருந்த நெல் உமியை எடுத்து, அது எந்தத் தாழியில் கிடைத்தது என்று குறித்து, அயல்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் கிடைத்த அதே வகைப் பொருள்தான் இது. வேறுபாடு உமியில் இல்லை; அதனோடு சென்ற சீட்டில் இருக்கிறது.

இதிலிருந்து களப் பணியாளர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எதிர்கால விஞ்ஞானம் எந்த வினாவைக் கேட்கும் என்பதை இன்று ஒருவரும் முன்னறிய முடியாது. ஆகவே தமக்கு முக்கியமாகத் தோன்றுவதை மட்டும் குறிப்பவர் தம் காலத்துக்கு மட்டுமே எழுதுகிறார். கண்டதை எல்லாம் குறிப்பவர் வருங்காலத்துக்கும் எழுதுகிறார்.

அடுக்கைக் குறித்ததன் பயன்

1944இல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவரான மார்ட்டிமர் வீலர், மண் அடுக்குகளை எண்ணிட்டுக் குறிக்கும் முறையை இந்நாட்டு இளைஞர்களுக்குக் கற்பித்தார். அகழ்விடத்தைச் சதுரங்களாகப் பிரித்தல், சதுரங்களுக்கிடையே வரப்புப் போன்ற மண் சுவரை விட்டு வைத்தல், அச்சுவரில் தெரியும் அடுக்குகளை அளந்து வரைதல், ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், ஆழம் என மூன்று அளவுகளைக் குறித்தல் ஆகியவை அம்முறையின் முக்கிய அங்கங்கள்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1941 முதல் 1944 வரை பிரெஞ்சு ஆட்சியினர் தோண்டியிருந்தனர். ரோமானியத் தொடர்பைக் காட்டும் பொருள்கள் பல கிடைத்தன. அவற்றுட் சில ஹனாய் நகருக்கும் அனுப்பப்பட்டன. ஆனால் அடுக்கு விவரம் போதுமானதாக இல்லை. 1945இல் வீலர் அங்கு சில மாதங்களே அகழ்வு செய்தார். காலம் தெரிந்த இத்தாலிய நாட்டு மட்கலங்கள் எந்த அடுக்கில் கிடைத்தன, அதே அடுக்கில் எந்த உள்நாட்டு மட்கலங்கள் கிடைத்தன என்று குறித்தார். 1946இலேயே முழு அறிக்கையும் இலாகாவின் பத்திரிகையில் வெளியாயிற்று. அதன் பயனாகத் தென்னிந்தியாவில் வேறெங்கு அவ்வகை உள்நாட்டு ஓடு கிடைத்தாலும் அதன் காலத்தை ஓரளவு மதிப்பிட வழி பிறந்தது.

கேரளத்திலிருந்து மற்றோர் உதாரணம் கூறலாம். இன்றைய திருச்சூர் மாவட்டத்திலுள்ள போர்க்களம் என்னும் ஊரில் 1948இல் பி. கே. தாப்பர் தாழிப் புதையல் ஒன்றை அகழ்ந்தார். ஆதிச்சநல்லூரோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய வேலை. ஆனால் தாழியின் குழி எவ்வாறு வெட்டப்பட்டது, உள்ளே எவை எந்த நிலையில் இருந்தன என்பதை எல்லாம் படத்துடன் எழுதி, 1952இல் வெளியிட்டார். கேரளத்தின் பெருங்கற்காலத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் அக்கட்டுரையை மேற்கோள் காட்டுகின்றனர். நன்கு குறிக்கப்பட்ட ஒரு தாழி, குறிக்கப்படாத நூறு தாழிகளைவிட அதிகம் பேசுகிறது.

எழுதப்படாத அறிக்கைகள்

குறிப்பெடுக்கும் முறை வளர்ந்த பிறகு வேறொரு குறை தோன்றியது. களத்தில் குறிப்பு எடுக்கப்படுகிறது. ஆனால் அது அறிக்கையாக உருப்பெறுவதில்லை. குறிப்பேடுகள் பெட்டிக்குள்ளும், வரைபடங்கள் அலமாரியின் மேலும், பானை ஓடுகள் மூட்டைகளிலும் தங்கிவிடுகின்றன.

இராஜஸ்தானத்திலுள்ள காளிபங்கனில் 1960களில் ஒன்பது பருவங்கள் அகழ்வு நடந்தது. அதன் முதற் பகுதி அறிக்கை 2003இலும், அடுத்த பகுதி 2015இலும் வெளிவந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை நடந்த அகழ்வின் அறிக்கை 1994இல் வந்தது. உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகம் நடத்திய அகழ்வின் அறிக்கை 1988இல் வந்தது. இவை காலம் தாழ்த்தேனும் வந்தவை. வாராதவையும் உள. 2013இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அகழ்வறிக்கைகள் நிலுவையில் கிடப்பதைச் சுட்டிக் காட்டியது.

ஆதிச்சநல்லூரும் இதற்கு விலக்கன்று. ரீக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2004–05இல் மத்தியத் தொல்பொருள் இலாகா அங்கு மீண்டும் அகழ்ந்தது. இம்முறை சதுரம், அடுக்கு, அளவு எல்லாம் குறிக்கப்பட்டன. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆயினும் முழு அறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை. இவ்விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. 2004இல் எடுத்த இரு மாதிரிகளின் காலக் கணிப்பு 2019இல்தான் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஒன்று கி.மு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியையும், மற்றொன்று கி.மு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டியவை என்று தெரிந்தது. ஆராய்ச்சியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் உறங்கியது. எனினும் அம்மாதிரிகளின் அடையாளச் சீட்டு கெடாமல் இருந்ததால்தான் இவ்வளவு பிந்தியேனும் அவற்றைச் சோதிக்க முடிந்தது என்பதையும் மறத்தலாகாது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. அகழ்வை நடத்திய அதிகாரி இடமாற்றம் பெறுகிறார்; பொருள்கள் பழைய காரியாலயத்தில் தங்கிவிடுகின்றன. எலும்பு, தானியம், உலோகம் ஆகியவற்றை ஆராயும் நிபுணர்களின் முடிவுகளுக்காகக் காத்திருக்க நேர்கிறது. படம் வரைவோர் போதுமான அளவில் கிடைப்பதில்லை. புதிய அகழ்வுக்குப் பணம் எளிதில் ஒதுக்கப்படுகிறது. பழைய அகழ்வை எழுதி முடிக்க ஒதுக்கப்படுவது குறைவு. தோண்டுபவரைப் பத்திரிகை நிருபர் தேடி வருகிறார். எழுதுபவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. இறுதியில் அதிகாரி ஓய்வு பெறுகிறார். குறிப்பேட்டில் அவர் இட்ட சுருக்கக் குறிகளின் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் மறையும்போது அகழ்விடம் இரண்டாம் முறை அழிகிறது.

பழைய ஏடுகள் மீண்டும் பேசுதல்

இதற்கு மாறாக, பாதுகாக்கப்பட்ட குறிப்பு எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன் தரும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. மொகஞ்சதாரோ நகரம் 1920களிலும் 1930களிலும் பெரும் பகுதி தோண்டப்பட்டது. மார்ஷலும் மக்கேயும் அறிக்கைகள் வெளியிட்டனர். எனினும் பொருள்கள் எந்த அறையில் எந்த ஆழத்தில் கிடைத்தன என்னும் விவரம் முழுவதும் அவற்றில் இடம் பெறவில்லை. 1979 முதல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆகன் பல்கலைக் கழகத்து மிகாயேல் யான்சன் குழுவினர், பழைய களப் பதிவேடுகளையும் நிழற்படங்களையும் தேடிச் சேர்த்து, நிற்கும் சுவர்களோடு ஒப்பிட்டனர். புதிதாக மண்ணை வெட்டாமலே, அந்நகர் கட்டப்பட்ட முறையைப் பற்றியும் பொருள்கள் கிடந்த இடங்களைப் பற்றியும் புதிய செய்திகள் வெளியாயின.

எகிப்து தேசத்து அரசன் துத்தங்காமனின் கல்லறையை 1922இல் கண்ட ஹவார்டு கார்ட்டர், பத்து ஆண்டுகள் உழைத்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை வெளியே கொணர்ந்தார். முழு ஆராய்ச்சி அறிக்கையை எழுதி முடிக்காமலே 1939இல் அவர் காலமானார். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு அவர் எழுதிய அட்டைகளும், ஹாரி பர்ட்டன் எடுத்த நிழற்படங்களும், வரைபடங்களும் ஆக்ஸ்போர்டு நகரின் கிரிஃபித் நிலையத்தில் சேர்க்கப்பட்டன. இன்று உலகின் எந்த மூலையில் உள்ள மாணவரும் இணைய வழியே அவற்றைப் பார்க்கலாம். கார்ட்டர் எழுதாமல் விட்ட அறிக்கையைப் பிறர் எழுத வழி இருப்பது அந்த அட்டைகளால்தான்.

காக்கும் முறைகள்

குறிப்பேடுகளின் பகைகள் பல. ஈரம், கறையான், வெள்ளிமீன் எனப்படும் ஏடு தின்னும் பூச்சி, ஒளி, தூசி, தீ, வெள்ளம் ஆகியவை வெளிப்படையான பகைகள். அமிலம் கலந்த மலிவான காகிதம், துருப்பிடிக்கும் குண்டூசி, ஒட்டும் நாடா ஆகியவை மறைந்திருக்கும் பகைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கங்களிலும் மழைக் காலம் நீண்டது. ஈரத்தால் பூஞ்சணம் பிடிப்பது மிக எளிது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நினைவு கூர்ந்தால், ஒரே பிரதியை ஒரே கட்டிடத்தில் வைத்திருப்பதன் அபாயம் விளங்கும்.

களப் பணியாளர் கைக்கொள்ளத் தக்க விதிகள் சில வருமாறு:

1. அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுக. நினைவை நம்பி மறுநாளுக்கு ஒத்தி வைத்தலாகாது. பந்து முனைப் பேனாவின் மை நாளடைவில் மங்கக் கூடும். பென்சில் எழுத்து ஈரத்தில் கலையாது, மங்குவதும் இல்லை.

2. பொருள் வைக்கும் பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு சீட்டுகள் இடுக. இடம், சதுரம், அடுக்கு, ஆழம், தேதி, பதிவு எண், எழுதியவர் பெயர் ஆகிய ஏழும் சீட்டில் இருத்தல் வேண்டும்.

3. சுருக்கக் குறிகளைப் பயன்படுத்தினால் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அவற்றின் விளக்கத்தை எழுதுக.

4. நிழற்படம் ஒவ்வொன்றிலும் அளவுகோலும் வடதிசைக் குறியும் இடம் பெறுக. படத்தின் எண்ணைப் பதிவேட்டில் குறிக்காவிட்டால் சில ஆண்டுகளில் அது எந்தக் குழியின் படம் என்று எடுத்தவருக்கே தெரியாது.

5. ஏடுகளைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைத்தலாகாது. அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், காற்றோட்டமுள்ள அறையில் வைத்து, மழைக் காலத்துக்கு முன்னும் பின்னும் திறந்து பார்க்க வேண்டும்.

6. பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்க வேண்டும். மின்னணுக் கருவியில் பிரதி எடுப்பது நன்று. ஆயினும் அதுவும் அழியக் கூடியதே. இருபது ஆண்டுகளுக்கு முன் நெகிழ் தட்டுகளில் சேர்த்த செய்தியைப் படிக்கும் கருவி இன்று காரியாலயங்களில் இல்லை. மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. மூல ஏட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கழித்துவிடக் கூடாது.

7. இடமாற்றம் பெறும்போது ஏடுகளின் பட்டியலைத் தயாரித்து, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

கடைசியில் கூறிய விதி எளியது. மிகுதியாக மீறப்படுவதும் அதுவே. மத்திய அரசாங்கக் காரியாலயங்களில் உண்டாகும் ஏடுகளை விதிப்படியன்றி அழிப்பது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். எனினும் அகழ்வு ஏடுகள் பெரும்பாலும் எவரும் வேண்டுமென்று அழிப்பதால் அழிவதில்லை. யாருடைய பொறுப்பு என்பது தெரியாமல் போவதால் அழிகின்றன.

பள்ளியின் பங்கு

இவை யாவும் பெரிய அகழ்வுகளுக்கே உரியவை என்று ஆசிரியர் கருத வேண்டியதில்லை. கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும், ஏர் உழும்போதும் பழம்பொருள்கள் வெளிப்படுகின்றன. முதலில் காண்பவர் பெரும்பாலும் உழவரோ மாடு மேய்க்கும் சிறுவரோ ஆவர். அவர்கள் செய்தி கூறுவது ஊர் ஆசிரியரிடமே.

அப்போது ஆசிரியர் செய்யத் தக்கது யாது? பொருளைப் பிடுங்கி எடுத்துப் பள்ளிக்குக் கொணர்ந்து வைப்பதன்று. அது கிடக்கும் நிலையிலேயே விட்டு, தேதி, நிலத்தின் சர்வே எண், அருகிலுள்ள சாலை அல்லது மரத்திலிருந்து தூரம், தரை மட்டத்திலிருந்து ஆழம், உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை எழுதுவதும், அளவுகோல் வைத்துப் படம் எடுப்பதும், தாசில்தாருக்கும் தொல்பொருள் இலாகாவுக்கும் தெரிவிப்பதுமே ஆகும். மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கும் கடமையுமாகும்.

வகுப்பறையிலும் இதற்குப் பயிற்சி தரலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு பெட்டியில் வெவ்வேறு நிற மண்ணை அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் உடைந்த ஓடு, காசு, பித்தான் முதலியவற்றைப் புதைத்து வைக்கலாம். மாணவரில் ஒரு பகுதியினர் கண்டதை எழுதிக்கொண்டே தோண்டட்டும். மறு பகுதியினர் எழுதாமல் தோண்டட்டும். ஒரு வாரம் சென்ற பின், எந்த அடுக்கில் எது இருந்தது என்று இரு பகுதியினரையும் கேட்டால் போதும். குறிப்பேட்டின் பயனை அதன் பின் விளக்கிக் கூற வேண்டிய அவசியம் இராது.

தற்போது ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளையும் தாழிகளையும் கிடந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காணும்படி காட்சிக்கூடம் அமைக்கப்பட்டுள்ளது. பொருளை அதன் இடத்திலிருந்து பிரிக்காமல் காட்டும் இம்முறை வரவேற்கத் தக்கது. ஆயினும் கண்ணாடிக்குக் கீழே தெரிவது சில தாழிகளே. மற்றவை அனைத்தும் இனி ஏட்டில் மட்டுமே இருக்க முடியும்.

பொதிகையின் உச்சியில் குளிரிலும் மழையிலும் அமர்ந்து காந்த ஊசியைப் பார்த்து எண்களை எழுதியவர்களின் பெயர்களைப் பெரும்பாலோர் அறியார். அவர்கள் எழுதியது அச்சேறியதால் அவர்கள் உழைப்பு வீணாகவில்லை. அம்மலையில் பிறக்கும் ஆற்றின் கரையில் வாழ்ந்து மறைந்த பண்டை மக்களோ தாமாக ஏதும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்காக எழுத வேண்டியவர் மண்ணைத் தோண்டுபவரே. மண்வெட்டி ஓய்ந்த பின்னும் பேனா ஓயாதிருக்குமானால்தான் அகழ்வு ஆராய்ச்சியாகும்.